டிஸ்கில் வைத்த பொட்டு

ஆயுத பூசைக்கு மறுநாள் காலையில் சைக்கிளில் மலையிறங்கிய வனராஜ் இன்னும் இறங்கி முடிக்கவில்லை என்பதை, அந்த வருஷம் முழுவதும், எங்கள் ஊருக்கு வருகிற விருந்தாளிகளிடம் நாங்கள் முதலிலேயே சொல்லிவைத்துவிடுவோம். சொல்லாவிட்டால், டீக்கடை வாசலில் கிளாஸும் கையுமாக நிற்கிற மனிதர், தன் மூக்குக்கு முன்னால் ஒருவன் சைக்கிளில் சர்ரென்று கீழே போவதையும், டீ ஆறுவதற்குள் அதே ஆள் அதே சைக்கிளில் மறுபடி மேலேயிருந்து வருவதையும் பார்த்துவிட்டு, கிளாஸைக் கீழே போட்டுவிடுவார். டீக்கடை முத்துக்காளை விருந்தாளியை ஒன்றும் சொல்ல மாட்டான், கூட்டிவந்தவனைத்தான் பிடித்துக்கொள்வான்.

எங்கள் செங்கரடு மலையின் பாதியில் இருக்கிறது. மேலே ஏலத் தோட்டங்கள், கீழே சமவெளி, இரண்டுக்கும் நடுவே ஒரே ரோடு, அதுவும் நாலு எட்டு நேராக வைக்கத் தெரியாமல் வளைந்து வளைந்து இறங்குகிற ரோடு. இங்கே சைக்கிள் என்றால் இறங்குவதற்குத்தான். கீழே கடையிலும் குடோனிலும் வேலை பார்க்கிறவர்கள் காலையில் ஏறி உட்கார்ந்தால் பெடலை மிதிக்காமலே அடிவாரம் போய்ச் சேருவார்கள், சாயங்காலம் சைக்கிளை ஜீப்பின் கூரையில் போட்டுக் கட்டிக்கொண்டு மேலே வருவார்கள். அதனால், செயின் துருவேறி இற்றுப்போனாலும் கண்டுகொள்ளாத எங்கள் ஊர்க்காரர்கள், பிரேக்கில் லேசாக ஒரு கீச்சுச் சத்தம் கேட்டுவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காமல் தவிப்பார்கள். மாப்பிள்ளை பார்க்கப் போகிற பெரிய மனிதர்கள்கூட, வாசலில் நிற்கிற சைக்கிளின் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, டிஸ்க் கோணாமல் ஓடுகிறதா, பேட் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்த பிறகுதான் செருப்பைக் கழற்றுவார்கள்.

டிஸ்க் என்பது சக்கரத்தின் நடுவில் அதோடு சேர்ந்தே சுற்றுகிற வட்டத் தகடு. கைப்பிடியில் பிரேக்கை அமுக்கினால், இரண்டு பக்கமும் காத்திருக்கிற பேட் என்ற சின்னக் கட்டைகள் அந்தத் தகட்டைக் கவ்விக்கொள்ளும், சைக்கிள் நிற்கும், வீட்டில் இருக்கிறவர்களுக்கு நெஞ்சு நிற்காமல் இருக்கும். அந்தத் தகட்டுக்கு ஆகாதது ஒன்றே ஒன்றுதான், எண்ணெய். விரலால்கூட அதைத் தொடக் கூடாது, விரலில் இருக்கிற பிசுக்கே போதும், பேட் அதைக் குடித்துக்கொண்டு வழுக்க ஆரம்பித்துவிடும். இது செங்கரட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு நடக்கத் தெரிவதற்கு முன்பே தெரியும்.

வனராஜின் பெண்டாட்டி பாண்டீஸ்வரி செங்கரட்டில் பிறந்தவள் இல்லை. சமவெளியிலிருந்து கல்யாணம் ஆகி வந்தவள், அங்கே ஆயுத பூசை என்றால் அரிவாள் முதல் தையல் மிஷின் வரை எல்லா இரும்பையும் எண்ணெய் போட்டுத் துடைத்துப் பளபளவென்று ஆக்கி, சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். நாங்களும் சைக்கிளுக்குப் பொட்டு வைக்கிறவர்கள்தான், ஆனால் கைப்பிடிக்கும் மட்கார்டுக்கும்தான் வைப்போம். பாண்டீஸ்வரி அப்போது வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள். கைப்பிடியைவிட, சீட்டைவிட, தன் புருசனைத் தினமும் முழுசாகக் கீழே கொண்டுபோய்ச் சேர்ப்பது எது என்று யோசித்திருக்கிறாள், முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் மங்கிப்போய் இருந்த அந்த இரண்டு தகடுகளையும் தேங்காயெண்ணெய் தொட்டு முகம் தெரிகிற மாதிரி துடைத்திருக்கிறாள், மும்மூன்று பட்டையாகச் சந்தனம் இழுத்து நடுவில் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டிக் கும்பிட்டிருக்கிறாள். அதைவிடப் பிரியமாக ஒருத்தி ஒரு சைக்கிளைக் கும்பிட்டு நாங்கள் கேள்விப்பட்டதில்லை.

மறுநாள் காலையில் வனராஜ் அதைப் பார்த்தான். பார்த்ததும் துடைக்கத் துணியை எடுத்தான், ஆனால் அவள் வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் எதிரில் அதைத் துடைக்க மனசு வரவில்லை, அடுத்த வளைவு தாண்டியதும் இறங்கித் துடைத்துக்கொள்ளலாம் என்று ஏறி உட்கார்ந்தான். அடுத்த வளைவில் பிரேக்கை அமுக்கினான், பிடிக்கவில்லை. இதையெல்லாம் அவன்தான் எங்களுக்குச் சொன்னான், ஒரு சுற்றுக்கு ஒரு வாக்கியமாக.

விழுந்துவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தோம். கயிறும் போர்வையும் எடுத்துக்கொண்டு ஜீப்பில் போய் ஒவ்வொரு பள்ளமாக எட்டிப் பார்த்துத் தேடிக்கொண்டிருந்தபோது, எங்களுக்குப் பின்னால், மேலேயிருந்து, மணியடித்துக்கொண்டு வனராஜ் வந்தான். "பிடிக்கலண்ணே!" என்று கத்திக்கொண்டே எங்களைத் தாண்டிக் கீழே போனான், அடிவாரத்துக் கடைசி வளைவில் திரும்பினான். அந்தப் பக்கம் சோதனைச் சாவடியில் நிற்கிறவர்கள் யாரும் அவனைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தோட்டத்துப் பக்கம் உச்சி வளைவிலிருந்து அவன் மறுபடி இறங்கிவந்தான். விழுவதற்கும் எங்காவது ஓரிடத்தில் பிடிக்க வேண்டும் அல்லவா, அவனுக்கு எங்கேயும் பிடிக்கவில்லை, அதனால் விழவும் இல்லை.

ஒரு ஊருக்கு எதுவும் பழகிப்போகும். முதல் வாரம் அழுதோம், அடுத்த வாரம் அவனுக்குச் சாப்பாடு கொடுப்பது எப்படி என்று யோசித்தோம். அவன் வீட்டுக்கு எதிரே தண்ணீர்த் தொட்டி இருக்கிற இடத்தில் ரோடு கொஞ்சம் சரிவு குறைந்து போகும், தொட்டி வளைவு என்போம், அங்கே பாண்டீஸ்வரி கையை நீட்டிக்கொண்டு நின்றால் ஒரு சுற்றுக்கு ஓர் உருண்டை சோறு அவன் வாங்கிக்கொள்ள முடிந்தது, அடுத்த சுற்றில் தண்ணீர், அதற்கடுத்த சுற்றில் கை துடைக்கத் துண்டு. முடிவெட்டுகிறவர் ஜீப்பின் பின்னால் உட்கார்ந்துகொண்டு, டிரைவர் அவன் கூடவே ஓட்ட, முன் முடியை ஒரு நாளும் பின் முடியை மறுநாளுமாக வெட்டினார். மழையில் அவன் மேல் ரெயின்கோட்டை வீசிப் போடுவதில் எங்கள் பெண்கள் கெட்டிக்காரிகள் ஆனார்கள். தூங்குவதற்கு மட்டும் நாங்கள் ஒன்றும் செய்ய முடியவில்லை, அவனே வளைவுக்கும் வளைவுக்கும் நடுவில் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணை மூடப் பழகிக்கொண்டான்.

ஊர்த்தலைவர் சுருளிவேல் அவனிடம் ஊர் நடப்புகளைச் சொல்லுவார், அவன் மறு சுற்றில் அபிப்பிராயம் சொல்லுவான். பிரேக்கே இல்லாமல் விழாமல் போகிறவனிடம் வேண்டிக்கொண்டால் நல்லது என்று யாருக்குத் தோன்றியதோ, தொட்டியைச் சுற்றி மஞ்சள் கயிறுகள் கட்டத் தொடங்கினார்கள். புது டிஸ்க் மாட்டுகிறவர்கள் முதல் இறக்கத்துக்கு முன்னால் அவன் வருகிற வரை காத்திருந்து, அவன் தலையில் பூப்போட்டுவிட்டுப் போனார்கள். பாண்டீஸ்வரி சோற்று உருண்டையோடு அந்தப் பூக்களுக்கு நடுவில் நிற்பாள். அவளை யாரும் ஏசவில்லை. ஏசியிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

ஆனால் அவன் வேகம் கூடிக்கொண்டே வந்தது. முதலில் தொட்டி வளைவில் அவனால் ஒரு முழு வாக்கியம் சொல்ல முடிந்தது, தை பிறந்தபோது அது பாதியாயிற்று, பங்குனியில் ஒரு சொல்லுக்குமேல் நேரம் இல்லை. பெண் பிள்ளை பிறந்திருக்கிறது என்று பாண்டீஸ்வரியின் சார்பில் நாங்கள் கத்தினோம். பெயரை அவன்தான் வைத்தான், ஒரு சுற்றுக்கு ஓரெழுத்தாக: பூ, வி, ழி. பச்சை உடம்புக்காரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து ரோட்டோரம் நிற்பாள், அவன் தலையை மட்டும் திருப்பிப் பார்த்துக்கொண்டே போவான், வளைவு அவனை மறைத்துவிடும். சித்திரை வெயிலில் ஒருநாள் அவள் நீட்டிய சோற்றை அவன் வாங்கவில்லை. வாங்க நினைத்துக் கையைத் திறப்பதற்குள் தாண்டிப் போயிருந்தான். உருண்டை ரோட்டில் விழுந்து உடைந்தது, பாண்டீஸ்வரி அதைக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றாள். இன்னும் கொஞ்ச நாளில் அவன் கண்ணுக்கே தெரிய மாட்டான் என்பது அப்போது எங்கள் எல்லோருக்கும் புரிந்தது.

அன்று மத்தியானமே அவள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு சிக்கந்தர் பாயின் சைக்கிள் கடைக்குப் போனாள்.

"பாய், எனக்கு ஒரு சைக்கிள் வேணும். ரெண்டு ஆளை நிறுத்துற டிஸ்க் போட்டு வேணும்" என்றாள்.

பாய் மெல்லிய மனசுக்காரர், கேட்ட மாத்திரத்தில் கண் கலங்கிவிட்டார். அவருக்கு ஒரு குற்ற உணர்ச்சி இருந்தது. ஆயுத பூசையன்று அவள் வாசலில் டிஸ்கைத் துடைத்துக்கொண்டிருந்ததை அவர் போகிற போக்கில் பார்த்திருக்கிறார், அடுத்தவர் சாமி காரியத்தில் நாம் போய் வாயைக் கொடுப்பதா என்று பேசாமல் வந்துவிட்டார். இத்தனை வருஷம் ஒரே ஊரில் இருந்தும் அந்தக் கூச்சம் மட்டும் போகவில்லை.

"வேணாம்மா. பச்சப்பிள்ளைக்காரி நீ" என்றார்.

"எந்த டிஸ்குன்னு மட்டும் சொல்லுங்க."

அவர் மூன்று தகடுகளை எடுத்து மேசைமேல் விரித்திருந்த துணியில் வைத்தார். ஒன்று சாசர் அளவு, ஒன்று அதைவிடக் கொஞ்சம் பெரியது, ஒன்று சாப்பாட்டுத் தட்டு அளவு. சின்னது கோணாது, ஆனால் நீண்ட இறக்கத்தில் சூடேறிப் பிடி விட்டுவிடும். பெரியது நன்றாகப் பிடிக்கும், சீக்கிரம் ஆறும், ஆனால் ஜீப் கூரையில் ஏற்றும்போது ஓர் இடி பட்டாலும் வளைந்துபோகும். நடுத்தரமானதே ஒரு ஆளுக்குப் போதும் என்றார் பாய்.

"ரெண்டு ஆளு" என்றாள் பாண்டீஸ்வரி, தட்டு அளவுள்ளதைக் காட்டினாள், தொடவில்லை.

பேட் எது என்பதில் இருவருக்கும் சண்டையே வந்தது. மெத்தென்று சத்தமில்லாமல் பிடிக்கிற சாதா பேடை அவர் எடுத்து வைத்தார். அது சூட்டில் இளகித் தேய்ந்துவிடும் என்று மற்ற சைக்கிள்காரர்கள் பேசிக்கொண்டதை அவள் கேட்டிருந்தாள். உலோகத்தூள் கலந்த பேட்தான் வேண்டும் என்றாள், அது ஊரைக் கூட்டுகிற மாதிரி கத்தும் என்றார் அவர், கத்தட்டும் என்றாள் அவள். அந்த பேடைத் தாங்காத டிஸ்குகளும் உண்டு, தகட்டிலேயே எழுதியிருக்கும், அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்தைத் தேடிப் படித்தார், இது தாங்கும் என்றார். பிரேக்கை அமுக்கினால் எண்ணெய் தள்ளுகிற வகை நல்லதா, கம்பி இழுக்கிற வகை நல்லதா என்று அவர் கேட்டபோது மட்டும் அவள் யோசிக்கவே இல்லை.

"கம்பி" என்றாள். "எதுக்குள்ளயும் எண்ணெய் வேணாம் பாய்."

அதோடு அவள் எண்ணெயை விட்டாள். தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை, தாளிக்கவில்லை, விளக்கேற்ற வேண்டியிருந்தால் பாயின் மனைவி ஜம்ரூத்தைக் கூப்பிட்டு ஏற்றச் சொன்னாள், அவளும் ஏற்றிவைத்துவிட்டுப் போனாள். பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிற வேலையையும் ஜம்ரூத்திடமே விட்டுவிட்டு, எட்ட நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். தாய் கை படாமல் பிள்ளை எண்ணெய் குளிக்கிறதே என்று தெருவில் பேசினார்கள். அவள் கைகள் வறண்டு சுண்ணாம்பு அப்பியதுபோல் வெளுத்து வெடித்தன. தினமும் காலையில் அவள் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, தகட்டுக்கும் பேடுக்கும் நடுவே தெரிகிற வெளிச்சக் கோடு ஆடாமல் இருக்கிறதா என்று பார்ப்பாள், ஸ்பிரிட் நனைத்த வெள்ளைத் துணியால் தகட்டைத் துடைப்பாள், துணியில் கறுப்புத் தெரியாத வரை விட மாட்டாள்.

புது டிஸ்கும் புது பேடும் எடுத்த எடுப்பில் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாது, பழக வேண்டும். வேகமாக இறங்கி, முழுக்க நிறுத்திவிடாமல் மெல்ல அமுக்கிக் குறைத்து, விட்டு, மறுபடி வேகமெடுத்து, மறுபடி குறைக்க வேண்டும், அப்போதுதான் பேடின் தூள் தகட்டில் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு பூச்சாகப் படியும். பாண்டீஸ்வரிக்கு அதுவரை சைக்கிள் விடவே தெரியாது. பாய் பின்னால் பிடித்துக்கொண்டு ஓட, ஊருக்குக் கீழே சரிவு குறைந்த இடத்தில் அவள் விழுந்து விழுந்து பழகினாள். வனராஜ் தாண்டிப் போகும்போதெல்லாம் ஓரமாக நின்று வழிவிட்டாள். ஆனி ஆடி முழுவதும் அந்தப் பேடின் அலறல் எங்கள் ஊரில் கேட்டுக்கொண்டே இருந்தது.

அவள் என்ன செய்யப் போகிறாள் என்று தெரிந்ததும் சுருளிவேல் ஊரைக் கூட்டினார். எழுந்து பேசியது டீக்கடை முத்துக்காளை.

"அவரு சுத்த ஆரம்பிச்ச நாள்ல இருந்து இந்த ரோட்டுல ஒரு சாவு விழுந்திருக்கா? எவனாவது சொல்லுங்க" என்றான். "வளைவுக்கு அங்கிட்டு வனராஜ் வருவாருன்னு பயந்துதான் ஒவ்வொரு டிரைவரும் மெதுவா வாரான். முன்னாடியெல்லாம் ஒவ்வொரு மழைக்கும் ஒருத்தரைத் தூக்கிட்டு வருவோம். என் தம்பியைத் தூக்கிட்டு வந்தது இந்தத் தோளு." தோளைத் தட்டிக் காட்டிவிட்டு உட்கார்ந்தான்.

அவன் சொன்னது பொய் இல்லை. எங்களில் பாதிப் பேர் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தோம். உயரத்தில் கட்டித் தொங்கவிடுகிற சோற்றுப் பொட்டலத்தைத் தாண்டும்போது பறித்துக்கொள்கிறான், நோய் நொடி இல்லை, அவன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கட்டுமே என்பதுதான் எங்கள் எண்ணம், வெட்கத்தோடு சொல்கிறேன்.

பாண்டீஸ்வரி பிள்ளையை மாற்றி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"அண்ணே, உங்க தம்பியை நான் பாத்ததில்ல. பாத்திருந்தா நானும் அழுதிருப்பேன்" என்றாள். "ஆனா நீங்கல்லாம் பாத்துப் போறதுக்கு எம் புருசன் நிக்காம ஓடணுமா? அவரு சாமி இல்லண்ணே. அவருக்குக் கால் வலிக்கும். என் கையால ஒருவாய் சோறு வாங்க முடியல அவருக்கு."

சுருளிவேல் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை, கூட்டத்தைக் கலைத்தார்.

மறுபடி ஆயுத பூசை வந்தது. இவ்வளவு பெரிய காரியத்துக்குப் போகிற சைக்கிளுக்குக் கைப்பிடியிலாவது ஒரு பொட்டு வைக்கச் சொல்லி தெருப் பெண்கள் கெஞ்சினார்கள். அவள் டிஸ்கைச் சலவைத் துணியால் சுற்றிக் கட்டி, சைக்கிளை அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள். சாமி குத்தம் வரும் என்று ஒருத்தி சொன்னதற்கு, "வரட்டும், நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றாள். அந்த வருஷம் எங்கள் ஊரில் பொட்டில்லாத சைக்கிள் அது ஒன்றுதான்.

மறுநாள் வெயில் நன்றாக ஏறிய பிறகு, ரோடு காய்ந்த பிறகு, பாண்டீஸ்வரியும் பாயும் ஜீப்பில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு உச்சி வளைவுக்குப் போனார்கள். போய்ப் பார்த்தால், முத்துக்காளை கடையை அடைத்துவிட்டு அங்கே முன்னதாகவே நின்றுகொண்டிருந்தான், சிவப்புத் துண்டை ஆட்டித் தோட்டத்திலிருந்து வருகிற வண்டிகளை நிறுத்திவைத்திருந்தான். அவள் அவனைப் பார்த்தாள், அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டான். பாய் ஒரு நைலான் கயிற்றின் ஒரு முனையை அவள் கைப்பிடித் தண்டில், ஒரே இழுப்பில் கழன்றுவிடுகிற கொக்கியால் மாட்டினார். மறுமுனையில் இன்னொரு கொக்கி, வனராஜின் கேரியருக்கு.

"கழட்டணும்னு தோணுச்சுன்னா யோசிச்சுக்கிட்டு இருக்காதம்மா. இழுத்துடு" என்றார்.

பிள்ளையோடு ஜம்ரூத் தொட்டி வளைவில் நின்றாள், நாங்களும் அங்கேதான் நின்றோம். மேலே நடந்ததைப் பின்னால் புருசனும் பெண்டாட்டியும் தனித்தனியாகச் சொன்னார்கள், இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

அவன் வருகிற சத்தம் கேட்டதும் அவள் முன்னதாகவே இறங்கத் தொடங்கி வேகமெடுத்துவிட்டாள், அவன் பக்கத்தில் வந்து தாண்டுகிற நொடியில் கொக்கியைக் கேரியரில் மாட்டினாள், கயிறு விறைத்தது, சைக்கிள் ஒரு துள்ளு துள்ளியது, அவள் இரண்டு கையாலும் பிரேக்கை அமுக்கினாள். தட்டு அளவுள்ள அந்த இரண்டு தகடுகளும் பிடித்தன. அலறிக்கொண்டு, புகைந்துகொண்டு, நீலம் பாரித்துக்கொண்டு பிடித்தன, அவளையும் அவனையும் அந்த ஒரு வருஷத்து வேகத்தையும் சேர்த்துப் பிடித்தன. வளைவுக்கு வளைவு வேகம் குறைந்தது. ரோட்டோரத்து மரங்கள் தனித்தனி மரங்களாகத் தெரிந்தன என்று வனராஜ் சொன்னான்.

"பாண்டீசு, நீயா?"

"நான்தான். திரும்பாதீக, ரோட்டைப் பாருங்க."

அவன் பேச ஆரம்பித்தான். பங்குனியிலிருந்து ஒரு சொல்லுக்குமேல் இடம் கிடைக்காதவன், முதுகு வலியை, மழையை, பிள்ளைக்குப் போர்த்தியிருந்த மஞ்சள் துண்டை, அவள் நெற்றியில் புதிதாக வந்த தழும்பு எப்படி வந்தது என்பதை எல்லாம் மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டும் சொல்லிக்கொண்டும் வந்தான். அவள் ஊம் கொட்டிக்கொண்டே வந்தாள். கருகல் வாடை வந்தது. பிரேக்கை அமுக்கினால் அது கைப்பிடித் தண்டையே தொட்டது. பேட் தேய்ந்து தீர்ந்துகொண்டிருந்தது, அடுத்த இரண்டு மூன்று வளைவுகளுக்குமேல் தாங்காது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"ஏங்க, உங்க பிரேக்கை அமுக்குங்க."

"அது பிடிக்காது."

"அமுக்கிப் பாத்தீகளா?"

"அன்னைக்கு அமுக்கினேன்ல."

"அன்னைக்கு எண்ணெய் இருந்துச்சு. ஒரு மழை, ஒரு வெயில் போயிருச்சு. அதுக்கப்புறம் அமுக்கினீகளா?"

அவன் அடுத்த வளைவைத் திரும்பினான்.

"இல்ல" என்றான்.

"ஒருக்காகூடவா?"

"அமுக்கி, பிடிக்கலேன்னு தெரிஞ்சுபோச்சுன்னா அப்புறம் எனக்கு என்ன இருக்கு பாண்டீசு? அமுக்காம இருக்கிற வரைக்கும், பிடிச்சாலும் பிடிக்கும்னு நெனச்சுக்கிட்டு இருக்கலாம்ல."

இதைப் பின்னால் கேட்டபோது எங்களுக்கு முதலில் அவன்மேல் ஆத்திரம்தான் வந்தது. அப்புறம் யோசித்துப் பார்த்தோம். அவனுக்குச் சோறு போட்டோம், முடி வெட்டினோம், பூப்போட்டோம், சாப்பிட்டாயா தூங்கினாயா என்று ஊர்மொத்தமும் மாற்றி மாற்றிக் கேட்டோம், இன்னொரு தடவை அமுக்கிப் பார்த்தாயா என்று ஒரே ஒருவர் கேட்கவில்லை. சைக்கிளுக்குப் பிரேக் பார்க்காமல் பெண் கொடுக்காத ஊர் இது.

"நான் இப்பக் கொக்கியைக் கழட்டப் போறேன்" என்றாள் பாண்டீஸ்வரி.

"கழட்டாத. பாண்டீசு, கழட்டாத."

"என் பேட் முடிஞ்சுபோச்சு. ரெண்டு பேரும் சுத்தினா பிள்ளைக்கு யாரு? தொட்டி வளைவுல ஜம்ரூத் மதினி பிள்ளையோட நிக்கிறாக. நிக்கிறதுன்னா அங்க நில்லுங்க."

இழுத்துவிட்டாள். இழுக்கும்போது ஓவென்று அழுதுகொண்டேதான் இழுத்தாள். கயிறு அவன் பின்னால் பாம்பாக நெளிந்துகொண்டு போனது. அவள் செருப்பைத் தேய்த்துத் தேய்த்து, கடைசியில் உண்ணிச்செடிப் புதருக்குள் போய் விழுந்து நின்றாள்.

எங்களுக்கு அதெல்லாம் தெரியாது. அவள் பேடின் அலறல் திடீரென்று நின்றுபோனதை மட்டும் கேட்டோம். ஜம்ரூத் "அல்லாவே" என்றாள். வளைவுக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே கேட்கவில்லை, கிலுகிலுவென்று ஒரு சக்கரம் தனியாக உருண்டு வருகிறதைத் தவிர. சுருளிவேல் கண்ணை மூடிக்கொண்டார். அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. துருப்பிடித்த தகட்டில் காய்ந்துபோன பேட் உரசுகிற சத்தம், பல் கூசுகிற, காது கிழிகிற சத்தம். விட்டுவிட்டு வந்தது, அப்புறம் விடாமல் வந்தது. ஒருவரும் காதைப் பொத்தவில்லை.

வனராஜ் வளைவு திரும்பி வந்தான். இரண்டு கையும் பிரேக்கை நெரித்துக்கொண்டிருந்தன, வாய் திறந்திருந்தது, சைக்கிள் ஜுரம் வந்ததுபோல் நடுங்கிக்கொண்டிருந்தது. ஓடுகிறவன் வேகத்துக்கு வந்தான், நடக்கிறவன் வேகத்துக்கு வந்தான், ஜம்ரூத்துக்கு முன்னால் காலை ஊன்றினான். நின்றான்.

நின்றுகொண்டிருக்கிற வனராஜிடம் எப்படிப் பேசுவது என்று எங்களுக்கு மறந்துபோயிருந்தது. சுருளிவேல் பழக்கதோஷத்தில் "நல்லாயிருக்கியா சாப்ட்டியா வேற என்ன" என்று ஒரே மூச்சில் கத்தினார். கத்திவிட்டு, அவன் இன்னும் அங்கேயே இருப்பதைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார்.

"பிள்ளையை வாங்கு தம்பி" என்று நீட்டினாள் ஜம்ரூத்.

அவன் வாங்கவில்லை. பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கை இரண்டும் பிரேக்கிலேயே இருந்தன, விரல் முட்டிகள் வெளுத்திருந்தன.

"கையை எடுத்தா போயிரும் மதினி" என்றான்.

எங்களில் ஒருவர் சக்கரத்துக்குக் கீழே கல்லைக் கொடுத்தார். இரண்டு பேர் கேரியரைப் பிடித்துக்கொண்டோம். அவன் விரல் பிரியவில்லை. நாங்கள் சொல்லச் சொல்லத் தலையை மட்டும் ஆட்டினான், கண்ணீர் தாடிக்குள் இறங்கியது, கையை எடுக்கவில்லை. அப்படியே எவ்வளவு நேரம் நின்றோமோ, முழங்கால் இரண்டும் சிராய்த்து, முடியில் முள் ஒட்டிக்கொண்டிருக்க, ஒற்றைச் செருப்போடு பாண்டீஸ்வரி மேலேயிருந்து நொண்டி நொண்டி நடந்து வந்தாள். அவன் கைமேல் தன் வெடித்த கையை வைத்து, அவன் விரலுக்குமேல் தன் விரலால் பிரேக்கைப் பிடித்தாள்.

"நான் பிடிச்சுக்கிறேன். நீங்க பிள்ளையை வாங்குங்க" என்றாள்.

அவன் ஒவ்வொரு விரலாக எடுத்தான். சைக்கிள் அசையவில்லை. ஜம்ரூத்திடமிருந்து பிள்ளையை இரண்டு கையாலும் வாங்கி மார்போடு வைத்துக்கொண்டான். பூவிழி அவன் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள், பிறந்ததிலிருந்து அந்த முகம் வந்ததும் சிரித்து, அது போவதைப் பார்த்துத்தானே அவளுக்குப் பழக்கம், அவன் கையில் இருந்துகொண்டே, அவன் போகிறதைப் பார்க்க, தலையைத் திருப்பிக் கீழே ரோட்டைப் பார்த்தாள்.